கனம் வாங்கிய காப்பிப்பொட்டு

மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடை வெட்டுக்கல்பட்டிக்குள் நுழைகிற இடத்தில் ரத்தினவேல் முதலாளியின் காப்பி வறுவல் ஆலை இருந்தது. அந்த ஆலையில் வறுபட்ட காப்பிக்கொட்டை மதுரைக்கும் திருச்சிக்கும் அதற்கு அப்பாலும் போனது. வறுக்கும்போது கொட்டையை விட்டு உரிந்து பறக்கிற மெல்லிய பொன்னிறத் தோல் மட்டும் எங்கும் போகாமல், முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே, பின்வாசல் வழியாகக் கூடை கூடையாக ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. உளுந்தம்பொட்டு, கடலைப்பொட்டு என்பதுபோல அதை ஊரில் காப்பிப்பொட்டு என்றார்கள். மாட்டுக்கு வைத்தால் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடுப்பில் போட்டால் ஒரு மூச்சில் எரிந்து ஒரு மூச்சில் அணைந்துவிடும். ஓடையில் விழுந்தால் ஊறும், அழுகும், தண்ணீரைக் கஷாய நிறமாக்கும். அப்படி நிறம் மாறி மாறி, ஒரு கோடையில் அயிரை மீனெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்த பிறகு, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் பொட்டை ஓடையில் கொட்டாமலும் வெளியில் எரிக்காமலும் தீர்த்துக்கட்ட ஒரு வழி செய்யாவிட்டால் ஆலைக்குப் பூட்டுப் போட வேண்டிவரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதலாளி எல்லோரையும் முற்றத்தில் கூட்டி அந்தக் காகிதத்தை வாசித்துக் காட்டினார். ஆலையை நம்பி இருநூறு குடும்பம் இருந்தது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தப் பொட்டைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த காமுத்தாய் மட்டும், கையில் இருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"தண்ணியில போடுறத மண்ணுல போட்டுப் பாக்கலாம், மொதலாளி."

"மண்ணுல போட்டா?"

"தெரியல. போட்டாத்தான தெரியும்."

"சரி, நீயே பாரு," என்றார் முதலாளி. அன்றிலிருந்து பொட்டு அவள் பொறுப்பானது.

அவள் குழி வெட்டச் சொன்னாள். பொட்டு ஒரு வரிசை, மாட்டுச்சாணம் ஒரு வரிசை, மறுபடி பொட்டு ஒரு வரிசை என்று பரப்பித் தண்ணீர் தெளித்து மூடினாள். குழி காய்ச்சல்காரன் உடம்பைப் போலச் சுட்டது, விடிகாலையில் ஆவி விட்டது, ஒன்றரை மாதத்தில் கறுத்து உதிர்ந்து மண்ணாகிவிட்டது. அதைப் போட்ட மிளகாய்ப் பாத்தி மற்றப் பாத்திகளைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. கோழிப்பண்ணைக்காரர் தரையில் பரப்ப இரண்டு வண்டி வாங்கிப் போனார். செங்கல் சூளைக்காரர் மண்ணோடு பிசைந்து அறுத்துப் பார்த்தார், கல் லேசாகவும் கெட்டியாகவும் வந்தது. முட்டை வியாபாரி பெட்டிக்குள் மெத்தை போடக் கேட்டார். இப்படிப் பாதிப் பொட்டுக்கு வழி பிறந்தது. மீதிப் பாதி சரக்கு வைக்கிற கிட்டங்கியில் கூரை முட்டக் குவிந்து கிடந்தது, கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த ஒரு வாரத்தில், வேறு எதுவும் தோன்றாமல், காமுத்தாய் பழைய மைதா மாவுத் துணிப்பைகளைக் கிழித்துச் சின்னச் சின்ன திண்டுகளாகத் தைத்து அதில் பொட்டை அடைத்தாள். ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் பிடரியில் போட்டுக்கொள்ளும் கோணித்துண்டெல்லாம் கிழிந்து நாராகியிருந்தது, அவர்களுக்கு ஆகட்டும் என்று நினைத்தாள். முதல் திண்டைச் சுமைதூக்குவோர் சங்கத் தலைவர் ஒச்சப்பனிடம் கொடுத்தாள். ஒச்சப்பன் அதைப் பிடரியில் போட்டுக்கொண்டு குனிந்தார். இரண்டு பேர் ஐம்பது கிலோ மூட்டையை ஏற்றினார்கள். அவர் குனிந்தபடியே நின்றார்.

"மூட்ட கிழிஞ்சிருச்சா பாரு," என்றார்.

"கிழியலண்ணே."

"கொட்டையெல்லாம் கீழ போயிருக்கும், பாரு."

யாரும் கீழே பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. தரையில் ஒரு கொட்டைகூட இல்லை. ஒச்சப்பன் மூட்டையை இறக்கிப் போட்டார், தரை அதிர்ந்தது. மறுபடி ஏற்றச் சொன்னார். முப்பது வருஷமாக எத்தனையோ லட்சம் கிலோவைத் தாங்கிய அந்தப் பிடரியில், ஒரு துண்டு கிடக்கிற அளவுக்குக்கூட எதுவும் அழுத்தவில்லை.

"பொட்டு கனத்த வாங்கிக்கிருது," என்றார் ஒச்சப்பன். மதியத்துக்குள் நாற்பது மூட்டை ஏற்ற வேண்டியிருந்ததால், அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசாமல் லாரியை நோக்கி நடந்தார்.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. மலையடிவாரத்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிற பெண்கள் சும்மாட்டுக்குள் பொட்டு அடைத்துக்கொண்டார்கள், ஒரே நடையில் மூன்று குடம் கொண்டுவந்தார்கள், மிச்ச நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் வாசலில் நின்றார்கள், பிறகு அதற்கும் வேலை கண்டுபிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பைகளின் அடியில் ஒரு கை பொட்டு தைக்கப்பட்டது. கல்லுடைக்கிற இடத்தில் வயதான ஒருத்தி பெரிய பாறைத்துண்டைப் பொட்டுத்திண்டில் ஏந்திக்கொண்டு, பேசிக்கொண்டே போனாள். எடைபோட்டு விற்கிற கடைக்காரர்கள் ஒன்றாகக் கூடி, தராசுப் பக்கம் பொட்டு வரக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டார்கள். பொட்டு தைத்த பை இரண்டு வாரம் தாங்கும், பிறகு உள்ளே இருப்பது நொறுங்கித் தூளாகிவிடும், தூள் கனம் வாங்காது; அதனால் ஊர் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காமுத்தாயின் முன்னால் வரிசையில் நின்றது. முதலாளி நான்கு மூட்டைப் பொட்டை மதுரைக்கு அனுப்பிப் பார்த்தார். அங்கே அது வெறும் உமியாக இருந்தது. ஆலைச் சங்கின் ஓசை எட்டுகிற தூரம் வரைக்கும்தான் அது வேலை செய்தது, ஓடைப்பாலம் தாண்டினால் தலையில் இருந்த கனமெல்லாம் தலைக்கே திரும்பிவிட்டது. முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஊருக்கு வருத்தமில்லை.

கெடு முடிந்து சில வாரம் கழித்து அதிகாரிகள் வந்தபோது ஓடை தெளிந்திருந்தது. கிட்டங்கியில் பொட்டு இல்லை. எங்கே போனது என்று கேட்டார்கள். ஒச்சப்பன் பொட்டுத்திண்டு போட்டு அவர்கள் கண்முன் இரண்டு மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிக் காட்டினார். அவர்களில் மூத்தவர் தானும் அந்தத் திண்டில் ஒரு மூட்டையை வாங்கிப் பார்த்தார், பிறகு இறக்கிவிட்டு, கழிவு பயனுள்ள முறையில் உபயோகப்படுத்தப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

காமுத்தாய்க்கு வீட்டில் தூக்க வேண்டிய கனம் ஒன்று இருந்தது. அவள் புருஷன் தவசி.

தவசியும் அதே ஆலையில் மூட்டை தூக்கியவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், மழை நாளில், லாரிக்குப் போட்டிருந்த பலகையில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தான், பிடரியில் இருந்த மூட்டை இடுப்பின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியாது. வாட்டசாட்டமான ஆள், படுத்த பிறகும் வற்றவில்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வைத்துவிடும், நாளுக்குப் பலமுறை திருப்பிப் போட வேண்டும், அவளால் தனியாக முடியாது. அதனால் சங்கத்தில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும் முன் இரண்டு பேர், சாயங்காலம் திரும்பும்போது இரண்டு பேர், முறைபோட்டு வருவார்கள். ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் இடுப்பைப் பிடிக்க, அவனைத் தூக்கித் துடைத்துத் திருப்பிப் போடுவார்கள். இடையில் காமுத்தாய் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுக்கொள்வாள். வந்தவர்கள் ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரம் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊர் லாரி வந்தது, எந்த டிரைவர் யாரோடு மல்லுக்கு நின்றான், இந்த வருஷம் மலையில் காய்ப்பு எப்படி என்று சொல்வார்கள், தவசி அதற்கொரு பதில் சொல்வான், சிரிப்பார்கள், போவார்கள். ரத்தினவேல் முதலாளி மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை பழத்தோடு வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போனதோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் வந்ததில்லை.

பொட்டு கனம் வாங்குகிறது என்று தெரிந்த மூன்றாம் நாள் காமுத்தாய் ஒரு மெத்தை தைத்தாள். ஆளைத் தூக்க ஒச்சப்பனும் இன்னொருவரும் வந்தார்கள். தவசியை அதில் கிடத்தியதும் கட்டிலின் கயிறெல்லாம் தளர்ந்து மேலே எழும்பியது. காமுத்தாய் ஒரு கையை அவன் முதுகுக்கடியில் கொடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தலையணையைத் திருப்புவதுபோல இருந்தது. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். தவசி அவள் தலையில் கையை வைத்தான், அந்தக் கையும் கனமில்லாமல் இருந்தது, அவள் அதை அப்போது கவனிக்கவில்லை.

"இனிமே யாரையும் கூப்பிட வேண்டியதில்ல," என்றாள்.

அது மெய்யாகவே நல்ல காலமாக இருந்தது. அவன் முதுகுப் புண் இரண்டு மாதத்தில் ஆறிப் புதுத்தோல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அவனை மெத்தையோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெளிந்த ஓடைக்குக் கொண்டுபோனாள், பாறையில் கிடத்திக் குளிப்பாட்டினாள், ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் வானத்தை முழுசாகப் பார்த்தான். தெருவில் எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். புருஷனைச் சேலை மாதிரி மடிச்சு எடுத்துட்டுப் போறா, என்று பொறாமை இல்லாமல் சொன்னார்கள். சங்கத்து ஆட்கள் முதல் வாரம் பழக்கத்தில் வந்தார்கள். வேலை எதுவும் இல்லாததால் நின்றுகொண்டே நலம் கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் ஒருவர் வந்தார். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை. வரக்கூடாது என்று நினைத்து யாரும் நின்றுவிடவில்லை. கூப்பிட ஆளில்லை, வரக் காரணமும் இல்லை.

தவசி பேச்சைக் குறைத்தான். பிறகு சாப்பாட்டைக் குறைத்தான். காமுத்தாய் கேட்டபோது பசியில்லை என்றான். ஒரு நாள் மதியம் அவள் சோறு பிசைந்து ஊட்டப் போனபோது கேட்டான்.

"காமு, நான் இருக்கேனா?"

"என்ன கேள்வி இது?"

"இடுப்புக்குக் கீழதான் ஆறு வருஷமா எனக்குத் தெரியாது. இப்ப மேலயும் தெரிய மாட்டேங்குது. முதுகு கட்டில்ல படுதாங்கறதே தெரியல. கைய நெஞ்சுல வச்சா, கை வச்ச மாதிரி இல்ல. கண்ண மூடுனா ஒண்ணுமே இல்ல."

"புண்ணு ஆறிருச்சுல்ல?"

"ஆறிருச்சு."

"அப்புறம் என்ன வேணும்?"

அவளுக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கையில் எடுத்த கவளத்தை வட்டிலிலேயே போட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போனாள்.

ஐப்பசியில் ஒச்சப்பனின் அப்பா இறந்துபோனார். எண்பது தாண்டியவர், அவரும் அந்தக் காலத்தில் மலையிலிருந்து தலைச்சுமையாகக் காப்பி இறக்கியவர். சுடுகாடு ஓடைக்கு இக்கரையிலேயே மேட்டில் இருந்தது, பாதை செங்குத்து, மழை வேறு பெய்து சேறாகியிருந்தது. சங்கத்து இளவட்டங்கள் நல்லதை நினைத்து, பாடையில் வைக்கோலுக்குப் பதிலாகப் பொட்டு அடைத்த பாயை விரித்திருந்தார்கள். ஒச்சப்பன் முன்பக்கம் தோள் கொடுத்தார். பறை முழங்க ஊர்வலம் ஓட்டமும் நடையுமாகப் போனது, தூக்குகிறவர்களுக்கு மூச்சுகூட வாங்கவில்லை, தெருவில் நின்ற பெண்கள் இவ்வளவு வேகமாக ஒரு சாவு கடந்து போவதைப் பார்த்து அழுகையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்கள்.

மேட்டுப்பாதை பாதியில் ஒச்சப்பன் நின்றார்.

"இறக்குங்கப்பா."

"என்னண்ணே, கால் பெசகிருச்சா?"

"இறக்குங்க."

இறக்கினார்கள். பறை நின்றது. ஒச்சப்பன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கப்பன நான் தூக்கவே இல்லையே," என்றார். "ஊர்ல இருக்கற அத்தன பேரு மூட்டையையும் தூக்கியிருக்கேன். இவர இப்பத்தான் தூக்குறேன், ஒரே ஒரு தடவ. எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் மூங்கிலத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. அந்தப் பாய உருவுங்க."

இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதையோரம் நின்ற பெரியவர்கள் தலையசைத்தார்கள். உடம்பை மெல்ல ஒருக்களித்துப் பாயை உருவினார்கள். மறுபடி தோள் கொடுத்துத் தூக்கியபோது மூங்கில் முனகியது, நான்கு பேரின் கால்களும் சேற்றில் கணுக்கால் வரை இறங்கின. ஒச்சப்பனின் முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். அங்கிருந்து சுடுகாட்டுக்கு ஐந்து நிமிஷத்துப் பாதை. அவர்களுக்கு அரைமணி நேரம் ஆனது. அடிக்கடி தோள் மாற்றினார்கள், மாற்றிக்கொள்ள ஊரே முண்டியடித்து வந்தது, சம்பந்தமில்லாதவர்கள்கூடப் பத்தடி தூரம் தூக்கிவிட்டு ஒதுங்கினார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஆனால் அடுத்து விழுந்த சாவுக்குப் பாடையில் பொட்டு இல்லை. கைக்குழந்தையைப் பொட்டுத்திண்டில் ஏந்திக்கொண்டு திரிந்த ஒருத்தி திண்டைப் பரணில் போட்டுவிட்டு, வலிக்க வலிக்க இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூட்டைக்கும் கல்லுக்கும் குடத்துக்கும் பொட்டு எப்போதும்போல இருந்தது, அதை யாரும் குறை சொல்லவில்லை. எது எதற்குப் பொட்டு, எது எதற்குக் கூடாது என்பது உப்புப் போடும் அளவைப் போல ஒவ்வொரு வீட்டிலும் தானாகத் தெரிந்துபோனது.

சுடுகாட்டு மேட்டில் நடந்ததைக் காமுத்தாய் வீட்டில் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லி முடித்த பிறகு தோன்றியது.

"மெத்தைய எடுத்துரு, காமு."

"எடுத்துட்டு?"

"பழையபடி கிடக்கேன்."

"பழையபடின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கிடக்குறவுகளுக்கு என்ன, கிடந்துருவீக. திருப்புறது யாரு? புண்ணு வந்தா கழுவுறது யாரு? ஆறு வருஷமா என் முதுகு என்ன பாடு பட்டுச்சுன்னு ஒரு நாளு கேட்டிருக்கீகளா? இந்தப் பொட்டு வந்த பெறகுதான் நான் நிமிந்து நடக்குறேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்குறீக."

"ஆமா," என்றான் தவசி. "தப்புத்தான். ஆனா கேட்டுத்தான் ஆகணும். பொழுதெல்லாம் இங்க ஒருத்தனும் இல்ல. நீயும் ஒரு கையால திருப்பிப் போட்டுட்டு, அந்தக் கையோட வெளிய போயிர்ற. முன்னெல்லாம் என்னத் தூக்க ரெண்டு பேரு மூச்சப் புடிச்சுட்டுக் குனிவாங்க, நீ என் தலைய உன் நெஞ்சோட சாச்சுப் புடிப்ப. எனக்கு வலிக்கும். வலிக்கறப்ப, சரி, இங்கதான் கிடக்கோம்னு இருக்கும். இப்ப காத்தடிச்சா பறந்துருவேன் போல இருக்கு, காமு. பறந்தா தேடுவாங்களான்னும் தெரியல."

அவனோடு காமுத்தாய்க்கு இருந்த சண்டை நியாயமானது, அவன் கேட்டதும் நியாயமானது, இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு அவள் ஐந்து நாள் சமைத்தாள், கூட்டினாள், வேலைக்குப் போனாள், வரிசையில் நின்றவர்களுக்குப் பொட்டு அளந்து போட்டாள். ஆறாம் நாள் காலையில் தண்ணீர் காய்ச்சி அவனைத் துடைத்துவிட்டு, அவனை ஒரு பக்கமாகத் தள்ளி, மெத்தையை அடியிலிருந்து இழுத்தாள்.

பாதி மெத்தை வந்ததும் தவசியின் கனம் முழுசும் ஒரே தடவையில் திரும்பி வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. கயிறு தாழ்ந்தது. அவன் ஒருக்களித்துக் கிடந்தவன் அப்படியே சரிந்து, வலதுகை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது. காமுத்தாய் தோளைப் பிடித்துத் தூக்கினாள், அசையவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள், அசையவில்லை. சில மாதம் லேசாக இருந்ததில் அவள் கைகள் பழைய பழக்கத்தை மறந்திருந்தன. தவசியின் முகம் வலியில் சுருங்கியது.

"கை மரத்துப் போகுது, காமு."

அவள் தெருவுக்கு ஓடி வந்து கூப்பிட்டாள். வேலை நேரம், சங்கத்து ஆட்களெல்லாம் ஆலையில் இருந்தார்கள், பெண்கள் ஊற்றுக்கும் காட்டுக்கும் போயிருந்தார்கள், தெரு நீளத்துக்கும் வெயில் மட்டும் இருந்தது. அவள் இரண்டாம் முறை கூப்பிட்டபோது தெருமுனையில் ரத்தினவேல் முதலாளி நடந்து வந்துகொண்டிருந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் காமுத்தாய் சொல்லாமல் வேலைக்கு வராததால், பொட்டுக்காக ஆட்கள் முற்றத்தில் காத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, ஆளனுப்பாமல் தானே விசாரிக்க வந்திருந்தார். ஏன் தானே வந்தார் என்று அவருக்கும் தெரியாது.

"என்னம்மா?"

"ஒரு கை பிடிங்க, மொதலாளி. அவரு கை மாட்டிக்கிருச்சு."

அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். தவசி கட்டிலில் சரிந்து கிடந்தபடி அவரைப் பார்த்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி கட்டிலை நெருங்கினார்.

"எங்க பிடிக்கணும்?" என்றார்.

"இடுப்புப் பக்கந்தான் கனம், அது அவ பிடிச்சுக்குவா," என்றான் தவசி. "நீங்க தோளுப் பக்கம் வாங்க. அக்குளுக்கு அடியில கைய விடுங்க. இன்னும் உள்ள. கூச்சப்படாதீங்க. முதுக வளைக்கக் கூடாது, மொதலாளி, முழங்கால மடிங்க. மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, அவ சொல்லும்போது தூக்குங்க."

"இப்ப," என்றாள் காமுத்தாய்.

ரத்தினவேல் முதலாளி அறுபது வயது வரை எடைபோட்டதெல்லாம் தராசில்தான். அவர் ஆலையில் ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை ஏறி இறங்கியது, ஒரு மூட்டையும் அவர் மேல் ஏறி இறங்கியதில்லை. தவசியின் தோள் அவர் நெஞ்சில் வந்து இறங்கியபோது அவருக்குக் கண் இருட்டியது. விட்டுவிடுவோமோ என்று ஒரு கணம் தோன்றியது. தவசியின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது, அவன் மூச்சு அவர் கழுத்தில் பட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காமுத்தாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாட்டிக்கொண்ட கை வெளியே வந்தது. அவனைத் திருப்பி இடப்பக்கமாகக் கிடத்தினார்கள். முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவசி மரத்துப்போன கையை மெல்ல மடக்கி நீட்டினான். அவன் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது.

"இவ்வளவு கனமா," என்றார் முதலாளி. யாரைக் கேட்கிறார் என்று தெரியாதபடி கேட்டார்.

"ஆமா, மொதலாளி," என்றான் தவசி.

காமுத்தாய் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். ஆலையில் என்ன விசேஷம் என்று தவசி கேட்டான். அவர் சொன்னார், மலையில் இந்த வருஷம் காய்ப்பு குறைவு என்றார், குழியில் வெந்த பொட்டு மண்ணைத் தோட்டக்காரர்களே திரும்ப மலைக்கு ஏற்றிப் போகிறார்கள் என்றார், வறுவல் உருளை ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்றார். அந்த உருளையின் அச்சு எப்போதும் இடப்பக்கம்தான் தேயும் என்றான் தவசி. அவர் அதை யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். பேச்சு நின்றது. பிறகு வேறொன்றில் தொடங்கியது. முற்றத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று காமுத்தாய் இரண்டு முறை நினைவூட்டினாள்.

"மறுபடி எப்ப திருப்பணும்?" என்று கேட்டார் முதலாளி.

"ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒச்சப்பண்ணனுக்குச் சொல்லியனுப்பிருவேன், நீங்க போங்க."

அவர் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, கட்டில் கால்வரை நகர்ந்து, திரும்பிப் போனது. ஒச்சப்பனுக்குச் சேதி போய், அவர் இன்னும் இரண்டு பேரோடு வாசலில் வந்து நின்றபோது, முதலாளி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒச்சப்பன், நீ தோளப் பிடி," என்றார். "இந்தத் தடவ நான் இடுப்புப் பக்கம் வர்றேன்."